ஜீப்ரா கோட்டில் நிற்க வேண்டியது யார்? கிழக்கு கடற்கரை சாலை, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டுபவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம்

செங்கல்பட்டு,

ரோட்டைக் கடக்கிறவர்கள் நம்ம ஊரில் அடிக்கடி கேட்கிற வசவு ஒன்று உண்டு. "ஏம்ப்பா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

பிரேக் போட்ட கோபத்தில் டிரைவர் கண்ணாடியை இறக்கி இப்படி கேட்பார். கேட்டவுடன் நடந்து வந்தவர் தலையைக் குனிந்து கொண்டு ஓடி விடுவார். தப்பு தன் மேல்தான் என்று அவரே நினைத்துக் கொள்வார்.

அவர் நடந்து வந்தது சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டின் மேல் என்றால் கதையே வேறு. அங்கே நின்றிருக்க வேண்டியது வண்டி. சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் லைசென்சு வாங்கி 20 வருடம் ஆனவர்களுக்குக்கூட இது தெரியவில்லை என்பதுதான் வேதனை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சட்டம் சொல்வது

மத்திய அரசு கொண்டு வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள் 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந்தேதி முதல் அமலில் உள்ளன. அதற்கு முன்பு 1989-ம் ஆண்டு விதிகள் இருந்தன. பழைய விதியில் ஜீப்ரா கோடு அருகே வேகத்தைக் குறைக்க வேண்டும், அதில் போகிறவர்களுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே நுழைய வேண்டும் என்று இருந்தது. புது விதி அதைவிட கறாரானது.

சிக்னலோ, போலீஸ்காரரோ இல்லாத ஜீப்ரா கோட்டை நெருங்கும் டிரைவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிற்க வேண்டும், நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். மூன்றும் சேர்ந்துதான் விதி. சக்கர நாற்காலியில் வரும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே உரிமை உண்டு.

இன்னொன்றும் அதே விதியில் இருக்கிறது. முன்னால் டிராபிக் ஜாம் ஆகி, கோட்டைத் தாண்டி முழுசாக அந்தப் பக்கம் போக இடம் இல்லை என்றால் கோட்டின் மேல் வண்டியை ஏற்றவே கூடாது. சிவப்பு சிக்னலில் நிற்கும்போதும் ஜீப்ராவுக்கு முன்னால் போட்டிருக்கும் ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நம்ம ஊர் டூவீலர்காரர்கள் முன் சக்கரத்தை ஜீப்ராவின் நடுவில் வைத்துக் கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கிக் கொண்டே நிற்பார்களே, அது விதிமீறல். நடைபாதையில் ஏற்றி ஓட்டுவதும் அப்படியே.

எப்போது நிற்க வேண்டும்?

இங்கேதான் நிறைய பேருக்கு குழப்பம். கோட்டைப் பார்த்தாலே நின்று விட வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை என்றால் வேகத்தைக் குறைத்து, இரண்டு ஓரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

கோட்டின் மேல் ஒருவர் கால் வைத்து விட்டார் என்றால் நின்றே ஆக வேண்டும். அவர் உங்கள் வண்டிக்கு நேராக இன்னும் வரவில்லை, அதற்குள் முன்னால் புகுந்து போய் விடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. அந்தக் கணக்கு தப்பினால் அவர் உயிர் போகும்.

ஓரத்தில் நின்று கொண்டு ரோட்டைப் பார்த்து காத்திருக்கிறார் என்றால்? அவரும் கடக்க வந்தவர்தான். நின்று வழி விடுவதுதான் விதியின் அர்த்தம். இங்கிலாந்தில்கூட இதில் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. கோட்டில் கால் வைத்தவருக்கு மட்டும் நின்றால் போதும் என்று பலர் நினைத்து வந்தார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி அங்குள்ள சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தி, காத்திருப்பவருக்கும் வழி விட வேண்டும் என்று எழுதி விட்டார்கள். உலகத்தின் முதல் ஜீப்ரா கோடுகள் 1951-ல் சட்டப்படி வந்தது அந்த நாட்டில்தான். அவர்களுக்கே 70 வருடம் ஆகியிருக்கிறது!

நடுவில் மீடியன் இருக்கும் ரோடு என்றால் அந்தப் பக்கம் நடந்து வருபவரையும் கவனிக்க வேண்டும். அவர் மீடியனுக்கு வந்து உங்கள் பக்கம் திரும்பும்போது நீங்கள் நிற்கிற வேகத்தில் இருக்க வேண்டும். மீடியனில் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, ஒரு கையில் பையோடு நிற்கிற பெண்ணை முன்னாலும் பின்னாலும் லாரிகள் உரசிக் கொண்டு போகிற காட்சியை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் யார்?

சிக்னல் உள்ள இடத்தில் விளக்கு சொல்வதைக் கேட்க வேண்டும். ஆனால் உங்களுக்கு பச்சை விழுந்த பிறகும் வயதானவர் ஒருவர் பாதி ரோட்டில் இருந்தால், அவர் போய் முடிக்கும் வரை பொறுக்க வேண்டும். பச்சை விழுந்தது என்பதற்காக ஆளை இடிக்க உரிமை வந்து விடாது. இடது பக்கம் திரும்புபவர்கள் இதில் பெரிய பாவம் செய்கிறார்கள். நேராகப் போகும் வண்டிகள் நின்றிருக்கும். அதைப் பார்த்து ஜனங்கள் கடப்பார்கள். இடது பக்கம் 'பிரீ' என்று சொல்லிக் கொண்டு ஒரு ஆட்டோ ஆரன் அடித்தபடி குறுக்கே வரும். இடது பக்கம் போக அனுமதி உள்ள இடத்திலும் நடப்பவர் போன பிறகுதான் திரும்ப வேண்டும்.

ராத்திரி நேரத்தில் பல சிக்னல்களில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். அது 'ரோடு காலி, பறக்கலாம்' என்பதற்கான அடையாளம் அல்ல. மெதுவாக, எச்சரிக்கையாகப் போ என்று அர்த்தம். அந்த நேரத்தில் அது சிக்னல் இல்லாத ஜீப்ரா மாதிரிதான். ஆள் இருந்தால் நிற்க வேண்டும்.

கோடே இல்லாத இடத்தில் ஒருவர் கடந்தால்? அப்போது ஜீப்ராவில் இருக்கிற முன்னுரிமை அவருக்குக் கிடையாது. ஆனாலும் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் இவர்களின் பாதுகாப்பில் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று 2017 விதிகள் எல்லா டிரைவர்களுக்கும் பொதுவாகச் சொல்கின்றன. "அவன் குறுக்கே வந்தான்" என்று சொல்லி கோர்ட்டில் தப்பித்து விடலாம் என்பது சரியான கணக்கு இல்லை.

ஒரு வண்டி நின்றது, இன்னொரு வண்டி அடித்தது

இனி சொல்லப் போவதை நாலு வழிச்சாலையில் ஓட்டுபவர்கள் கொஞ்சம் நிறுத்தி படிக்க வேண்டும்.

ஜீப்ரா கோட்டில் ஒருவர் நிற்கிறார். இடது ஓர லேனில் வந்த பஸ் டிரைவர் நல்ல மனுஷன். நின்று, கையைக் காட்டி "போம்மா" என்கிறார். அந்த அம்மா பஸ்சை நம்பி நடக்கிறார். பஸ்சின் மூக்கைத் தாண்டி அடுத்த லேனில் கால் வைக்கிறார். அங்கே ஒரு கார் வருகிறது. கார்காரருக்கு அந்த அம்மாவைத் தெரியாது, பஸ் மறைத்துக் கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு கார் தெரியாது, அதே பஸ் மறைத்துக் கொண்டிருக்கிறது.

நல்லது செய்தவர் நின்ற இடத்திலேயே ஒரு உயிர் போகிறது.

நாலு வழி, ஆறு வழி ரோட்டில் ஜீப்ரா கோட்டு விபத்துகளிலேயே மோசமானது இந்த ரகம்தான். உலகம் முழுக்க இதே கதைதான். இதற்கு ஒரே மருந்து, ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நின்று விட்டால் அது ஏன் நிற்கிறது என்று யோசிப்பது. 'பிரேக் டவுன் ஆயிருக்கும்', 'ஆள் ஏத்தறான்' என்று நினைத்து ஒடித்துத் தாண்டக் கூடாது. அந்த வண்டிக்குப் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். அவர் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள்.

நிற்கிற முதல் வண்டிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கோட்டை ஒட்டி மூக்கை வைத்து நிறுத்தாமல், கொஞ்சம் பின்னாலேயே நிறுத்த வேண்டும். அப்போதுதான் நடப்பவருக்கு அடுத்த லேன் தெரியும். பஸ், லாரி, வேன் டிரைவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். அவர்கள் வண்டி பெரிய சுவர் மாதிரி. கையைக் காட்டி 'போ' என்று சொல்வதையும் யோசித்துச் செய்ய வேண்டும். உங்கள் லேனுக்குத்தான் நீங்கள் உத்தரவாதம் தர முடியும். பின்னால் வருபவனுக்கு எப்படித் தருவீர்கள்?

சரி, 'நான் நின்றால் பின்னால் வரும் டிப்பர் என்னை அடிச்சிடுவானே' என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் விதியில் முதலில் 'வேகத்தைக் குறை' என்று இருக்கிறது. தூரத்திலேயே ஜீப்ரா போர்டு தெரிந்ததும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டால் பின்னால் இருப்பவனுக்கு சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணையும். அவனும் தயாராகி விடுவான். கோட்டுக்குப் பத்தடியில் வந்து சடன் பிரேக் போடுவதுதான் ஆபத்து.

லைட்டை அடித்தால் என்ன அர்த்தம்?

வெளிநாட்டில் இருந்து மாமல்லபுரம் வருகிறவர்கள் முதல் நாளே திண்டாடிப் போகிற விஷயம் இது. அவர்களில் பலருடைய ஊரில் டிரைவர் ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினால் 'நீங்க போங்க, நான் நிக்கிறேன்' என்று அர்த்தம். நம்ம ஊரில் 'நான் வந்துட்டேன், நீ நில்லு' என்று அர்த்தம். அவர்கள் சிரித்துக் கொண்டே கால் வைக்க, இவர் ஆரனை அழுத்த, பெரிய களேபரம் ஆகி விடும்.

இலங்கைத் தமிழர்கள் இதை 'மஞ்சள் கடவை' என்பார்கள். கொழும்பில் இருந்து வரும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே மஞ்சள் கடவையில் கால் வைத்தால் பஸ்சும் நிற்கும் என்பார்கள். அதே ஆள் இங்கே வந்து அதே நம்பிக்கையில் கால் வைத்தால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் கண்டிப்பு இரண்டு பக்கமும் உண்டு. கடக்கும் இடம் 50 மீட்டருக்குள் இருந்தும் வேறு இடத்தில் கடந்தால் நடப்பவருக்கும் அபராதம்.

நம்ம மாவட்டத்து ரோடுகள்

செங்கல்பட்டு மாவட்டம் 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி காஞ்சீபுரத்தில் இருந்து பிரிந்து உருவானது. இதன் வழியாக ஓடும் இரண்டு பெரிய ரோடுகள் ஜி.எஸ்.டி. ரோடும், கிழக்கு கடற்கரை சாலையும். இரண்டுமே ஊருக்கு நடுவில் போகின்றன. நடக்கிறவர்களுக்கு சிக்கலே அதுதான்.

கிழக்கு கடற்கரை சாலையை எடுத்துக் கொள்வோம். கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை மீனவர் குப்பங்கள் எல்லாம் கடல் பக்கம், அதாவது கிழக்கே. சென்னைக்குப் போகும் பஸ் நிற்பது மேற்கு ஓரத்தில். மீன் கூடையோடு பஸ் பிடிக்க வரும் பெண்ணானாலும், காலேஜ் போகும் பையனானாலும் சென்னைப் பக்கம் போக வேண்டுமென்றால் ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

சுற்றுலா வருபவர்களுக்கும் அதே கதைதான். வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை கடல் பக்கம் இருக்கிறது. சென்னையில் இருந்து வரும் பஸ் அதன் வாசல் பக்கமே இறக்கி விடும். குழந்தைகள் சந்தோஷமாக ஓடுவார்கள். திரும்பிப் போகும்போதுதான் வம்பு. வெயிலில் சுற்றி களைத்துப் போன பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு எதிர்ப்பக்கம் கடக்க வேண்டும். கல்யாண வேண்டுதலுக்கு மாலையோடு திருவிடந்தை நித்திய கல்யாண பெருமாள் கோவிலுக்கு வருகிறவர்கள், சாளுவன்குப்பம் புலிக்குகை பார்க்க வருகிறவர்கள் என்று அந்த ரோட்டில் கடக்கிறவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் புதுசு. எந்தப் பக்கம் பார்த்து கடப்பது என்றே தெரியாது. சனி, ஞாயிறு என்றால் காரும் பைக்கும் பந்தயம் மாதிரி வரும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். குடிசை போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் செய்து கொள்வார்கள். அந்த நாட்களில் ராத்திரியிலும் கைக்குழந்தைகளோடு ரோட்டில் நடமாட்டம் இருக்கும். அந்த ஒரு வாரமாவது பூஞ்சேரி கூட்டு ரோட்டில் இருந்து உள்ளே வருபவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கபெருமாள்கோவில் என்று வரிசையாக ஊர்கள். ரெயிலில் வந்து இறங்கி கம்பெனி பஸ் பிடிக்க கடப்பவர்கள் ஒரு பக்கம். கிளாம்பாக்கத்தில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி புதிய பஸ் முனையம் திறந்த பிறகு மூட்டை முடிச்சோடு கடப்பவர்கள் இன்னொரு பக்கம். இன்னும் தெற்கே போனால் மேல்மருவத்தூர். ரோட்டை ஒட்டியே ஆதிபராசக்தி சித்தர் பீடம். தைப்பூசத்தையொட்டி இருமுடி சீசனில் சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் பஸ் பஸ்சாக வந்து இறங்குவார்கள். அதில் பாதிப் பேர் அம்பது வயதைத் தாண்டியவர்கள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் 2024-ம் ஆண்டு நவம்பர் 27-ந்தேதி நடந்ததை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். திருப்போரூரை அடுத்த பண்டிதமேடு அருகே மாடு மேய்த்து விட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்த 5 பெண்கள் மீது அதிவேகமாக வந்த கார் பாய்ந்தது. 5 பேரும் பலியானார்கள். அவர்கள் ரோட்டைக் கடக்கக்கூட இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நாடு முழுவதும் 2023-ம் ஆண்டில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 72 ஆயிரத்து 890 பேர் என்று மத்திய சாலை போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. அதில் 35 ஆயிரத்து 221 பேர் நடந்து போனவர்கள். கணக்குப் போட்டால் நாள் ஒன்றுக்கு 96 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் ரோட்டில் இறந்தவர்கள், எல்லா வகையினரும் சேர்த்து, 18 ஆயிரத்து 347 பேர்.

80 கிலோமீட்டர் வேகத்தில் என்ன நடக்கும்?

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடி விடும். ஆளைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக் கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய் விடும். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க, ரோடு காய்ந்திருந்தால், ஏறக்குறைய 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குப் பக்கம். அதே கார் 40-ல் வந்தால் சுமார் 25 மீட்டரில் நின்று விடும். லோடு ஏற்றிய லாரிக்கும், மழையில் நனைந்த ரோட்டுக்கும், கடற்கரை மணல் படிந்த ரோட்டுக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

இப்போது நடப்பவர் பக்கம் இருந்து பாருங்கள். இரண்டு லேன் சேர்ந்தால் 7 மீட்டர் அகலம். வயதானவர்கள் விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பதே பெரிது. ஆக 7 விநாடி. அதற்குள் 80-ல் வரும் கார் 155 மீட்டர் வந்து விடும். 12 மீட்டர் நீள பஸ் 13-ஐ வரிசையாக நிறுத்தி வைத்தால் வருகிற தூரம்! அவ்வளவு தூரத்தில் வரும் வண்டி 60-ல் வருகிறதா, 90-ல் வருகிறதா என்று அறுபது வயது அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் வழி விடும் பொறுப்பை சட்டம் டிரைவர் தலையில் வைத்திருக்கிறது. வேகம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துத் தெரிந்து கொள்ள முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

50 கிலோமீட்டரில் அடிபடுவதற்கும் 65-ல் அடிபடுவதற்கும் நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 கிலோமீட்டர் வித்தியாசம் வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

தண்டனை என்ன?

2019-ல் மோட்டார் வாகன சட்டத்தைத் திருத்தியபோது, மேலே சொன்ன ஓட்டுதல் விதிகளை மீறினால் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 177-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஜீப்ராவில் வழி விடாததும் இதில் வரும்.

சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போனைக் கையில் பிடித்துப் பேசிக் கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது போன்றவற்றால் ஆபத்து ஏற்படுத்தினால் அது 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதல். முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆளை அடித்து உயிர் போய் விட்டால் 2024-ம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 வருடம் வரை ஜெயில் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனை சட்டத்தில் இது 2 வருடமாக இருந்தது.

ஹெல்மெட் இல்லை என்று பிடிப்பதைப் பார்க்கிறோம். ஜீப்ராவில் வழி விடவில்லை என்று ஒருவரை ஓரம் கட்டியதைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். கேமரா இருக்கும் இடத்தில் கோட்டைத் தாண்டி நின்றால் சலான் வரும், அதோடு சரி.

கோடு போட்டால் மட்டும் போதுமா?

டிரைவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 80, 90-ல் வண்டி ஓடுகிற ரோட்டில், முன்கூட்டியே போர்டு வைக்காமல், விளக்குப் போடாமல், வேகத்தைக் குறைக்க எதுவும் செய்யாமல் வெறும் வெள்ளைக் கோட்டைப் போட்டு விட்டுப் போனால் அது பாதுகாப்பு இல்லை, பொறி. நடப்பவர் அதை நம்பிக் கால் வைக்கிறார். டிரைவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. பெயிண்ட் அழிந்து போன கோடு அதைவிட மோசம். மீடியனில் இடைவெளி ஓரிடத்தில், ஜீப்ரா ஓரிடத்தில் என்று இருக்கிற இடங்களும் உண்டு. கோடு போய் கம்பி வேலியில் முட்டினால் நடப்பவர் என்ன செய்வார்?

ரோட்டையே கொஞ்சம் மேடாக்கி அதன் மேல் கோடு போடுவது நல்ல வழி. வேகத்தடையும் ஆச்சு, ஜீப்ராவும் ஆச்சு. மீடியனில் நாலு பேர் பத்திரமாக நிற்க இடம் விட்டால் ஏழு ஏழு மீட்டராக இரண்டு தவணையில் கடக்கலாம். நாலு வழிக்கு மேல் அகலமான இடங்களில் சிக்னலோ, சுரங்கப்பாதையோ வேண்டும். நடைமேம்பாலம் கட்டினால் படி ஏற முடியாதவர்கள் கீழேயே கடப்பார்கள் என்பதையும் கட்டுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் கோவைக்காரர் ஒருவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கங்கா ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சை டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்குதான் நாட்டின் ரோடு பாதுகாப்பு உத்தரவுகள் பலவற்றுக்கு அடிப்படை. அதே வழக்கில் 2025-ம் ஆண்டு மே 14-ந்தேதி, நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி, நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்து சரி செய்ய வேண்டும், நடப்பவர்கள் பாதுகாப்புக்கு மாநிலங்கள் 6 மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ரோட்டை நிர்ணயித்த தரத்தில் அமைக்காமல் அதனால் உயிரோ உறுப்போ போனால் அதிகாரி, காண்டிராக்டர் மீதும் 198-ஏ பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இந்தப் பிரிவை ஊராட்சி மன்றங்களும், குடியிருப்போர் சங்கங்களும் தெரிந்து வைத்துக் கொண்டு மனுவில் எழுதலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் வழியாக புதுச்சேரி போகும் ரோடு இப்போது தேசிய நெடுஞ்சாலையின் கையில் நாலு வழியாக மாறுகிறது. எங்கே கடக்க வழி வேண்டும் என்று கேட்பதற்கு ரோடு போடும்போதுதான் நேரம். மீடியன் கட்டி முடித்த பிறகு கேட்டால் அடுத்த பத்து வருடம் மனுதான் கொடுத்துக் கொண்டிருக்க வேண்டும்.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

உரிமை இருக்கிறது என்பதற்காக போனைப் பார்த்துக் கொண்டே இறங்கி விடாதீர்கள். டிரைவர் உங்களைப் பார்த்து விட்டார் என்று தெரிந்த பிறகு கால் வையுங்கள். முதல் லேன் வண்டி நின்றாலும் அதன் மூக்கு வரை போய் ஒருமுறை நின்று எட்டிப் பார்த்து விட்டு அடுத்த லேனுக்குப் போங்கள். பஸ்சில் இருந்து இறங்கியதும் அதன் முன்னாலேயே குறுக்கே ஓட வேண்டாம், பஸ் கிளம்பட்டும். ராத்திரியில் கையில் டார்ச்சோ, போன் வெளிச்சமோ இருந்தால் தூரத்தில் வருபவனுக்கு ஆள் இருப்பது தெரியும். மீடியனைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு சொல்ல ஒன்றும் இல்லை.

விபத்து நடந்து விட்டால்

அடித்த டிரைவர் நிற்க வேண்டும், காயம்பட்டவருக்கு சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், போலீசில் சொல்ல வேண்டும் என்பது 134-வது பிரிவு. கூட்டம் அடித்து விடும் என்ற நிலை இருந்தால் நேராக போலீஸ் நிலையத்துக்குப் போகலாம், ஓடி ஒளியக் கூடாது. 108-க்கு போன் செய்து உதவி செய்தவர்களை போலீசாரோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு செய்யக் கூடாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லக்கூட கட்டாயப்படுத்த முடியாது. எனவே பயப்படாமல் உதவலாம்.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை தமிழக அரசு 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி தொடங்கியது இதே மாவட்டத்தில் மேல்மருவத்தூரில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை செலவை அரசு ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது.

அடித்து விட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் நஷ்டஈடு உண்டு. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய். முன்பு 25 ஆயிரமும், 12,500-ம்தான் இருந்தது. இதற்கான மனுவை விபத்து நடந்த பகுதியின் வருவாய் கோட்ட அதிகாரி அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். போலீஸ் எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பேங்க் பாஸ்புக் நகல் ஆகியவற்றை பத்திரமாக எடுத்து வைத்துக் கொள்வது அவசியம்.